துருவுக்கு ஓர் எண்ணெய், குளிருக்கு ஓர் எண்ணெய்

ஆறு உறைந்து, அதன்மேல் பனி விழுந்து, அந்தப் பனியும் இறுகிய பிறகு எங்கள் பக்கத்துக் கரடிகள் எல்லாம் மண்ணுக்குள் போய்ப் படுத்துவிடும். அதற்கப்புறம் யாராவது வெளியே ஒரு கரடித் தடத்தைப் பார்த்தால், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் வாயைத் திறப்பார்கள். அன்றைக்கு நானும் அப்படித்தான் வந்தேன்.

மார்ஃபா அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். என் தம்பி டெல்பர்ட்டின் மனைவி. கல்யாணமாகி வந்து அதுதான் அவளுக்கு எங்கள் ஊரில் முதல் குளிர்காலம்.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?"

"ஆத்துல தடம் கெடக்கு."

"ஓநாயா?"

"ஓநாய்க்கெல்லாம் நான் கதவைச் சாத்துவேனா? அதோட தடம்."

எங்கள் ஜனங்களில் பெண்கள் அதன் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் அதன் காதில் விழும் என்பார்கள். மார்ஃபா கடலோரத் தீவுக்காரி. அவளுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

"கரடியா? இந்தக் குளிர்லயா?" என்று சத்தமாகவே கேட்டாள்.

"மெதுவாப் பேசு. படுக்காத ஒண்ணு சுத்துது. வயித்துல கொழுப்பு இல்லாம குழிக்குள்ள போனா செத்துடும்னு அதுக்குத் தெரியும். அதான் தின்ன எதாவது கெடைக்குமான்னு அலையுது. கண்ணுல படற எதையும் அது விடாது."

அவள் கையிலிருந்த மாவை உருட்டிக்கொண்டே நின்றாள். அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். கேட்டாள்.

"எந்தப் பக்கமிருந்து வருது?"

"அங்கங்க சுத்தியிருக்கு. சரியாத் தெரியல."

தெரியும். கிராமத்துப் பக்கமிருந்துதான் வந்திருந்தது. டெல்பர்ட் பெட்ரோலும் வண்டிக்கு ஒரு பெல்ட்டும் வாங்கிவர கிராமத்துக்குப் போயிருந்தான். அவனுடைய பனிவண்டி ஆற்றின்மேல் போட்டுவிட்டுப் போன பாதையிலேயே, அந்தச் சக்கரப்பட்டைத் தடத்தின்மேலேயே, ஒவ்வோர் அடியாக அது எங்களை நோக்கி நடந்து வந்திருந்தது. சொன்ன நாளுக்குத் தம்பி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

நாங்கள் இருந்தது எங்கள் அப்பா கட்டிய மரக்குடிசையில். பொறி வைத்து நரியும், மார்ட்டன் என்கிற மரநாயும் பிடிக்கிற காலத்தில் மட்டும் அங்கே தங்குவோம். கிராமம் ஆற்றோடு கீழே ஒரு நாள் பயணம். நாங்கள் இருந்த இடத்தில் ரேடியோ எடுக்காது. குடிசையில் இரண்டு பெண்கள், வெளியே கட்டிப் போட்ட ஐந்து நாய்கள், இரண்டு துப்பாக்கிகள். எங்களிடம் இருந்தது அவ்வளவுதான்.

மார்ஃபா கையைத் துடைத்துக்கொண்டு அடுப்புக்கு மேல் மாட்டியிருந்த தன் துப்பாக்கியை இறக்கினாள். கடல்நாய்த் தோல் உறையை உருவியதும் அது விளக்கு வெளிச்சத்தில் ஈரமாக மின்னியது. குழல், விசை, திருகு எல்லாவற்றிலும் பழுப்பு நிறத்தில் கிரீஸ். படகு மோட்டாருக்குப் போடுகிற கிரீஸ். அந்த டப்பாவை அவள் சீதனம் மாதிரி ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தாள்.

"இதென்ன துப்பாக்கியா, பொரிச்ச மீனா?" என்றேன்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. இதுல ஒரு பொட்டு துரு காட்டுங்க பாப்போம். உங்க துப்பாக்கி எப்படி இருக்கு? பஞ்சத்துல அடிபட்ட மாதிரி வெளுத்துப் போயி."

"வெளுத்தாலும் வெடிக்கும்."

என் துப்பாக்கி எப்போதும் வெளிச் சாய்ப்பில்தான் தொங்கும். குளிர் தொடங்கியதும் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டைக் கழற்றி, விளக்குக்கு ஊற்றுகிற பெட்ரோலில் கழுவி, எண்ணெய் வாசனையே இல்லாமல் காயவைத்து, பென்சில் முனையை இழைத்த தூளை உள்ளே ஒரு சிட்டிகை தடவி வைப்பேன். எங்களுக்குத் துரு பெரிய விஷயமே இல்லை. காற்றில் ஈரமிருந்தால்தானே துரு பிடிக்கும்? எங்கள் குளிர்காலக் காற்று எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கும். எங்களைக் கொல்லுவது குளிர். எந்த எண்ணெயையும் அது கல்லாக்கிவிடும்.

"மார்ஃபா, வெளையாட்டு போதும். அந்த கிரீஸ் வெளிய வந்தா மெழுகாயிடும். போல்ட்டுக்குள்ள ஸ்பிரிங் இருக்கு, ஊசி இருக்கு. தோட்டாவோட பின்பக்கத்துல அந்த ஊசி ஓங்கி அடிச்சாத்தான் வெடிக்கும். மெழுகுக்குள்ள மாட்டிக்கிட்டா அது எப்படி அடிக்கும்?"

"எங்க அப்பா முப்பது வருஷமா இதைத்தான் போடறாரு."

"உங்க அப்பா இங்க வந்து சுட்டிருக்காரா?"

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு மீன் அடையை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தின்றோம்.

மறுநாள் வெளிச்சம் வந்தபோது ஒரு தகர மூடியை எடுத்துக்கொண்டேன். அதில் மூன்று சொட்டு வைத்தேன்: அவளுடைய கிரீஸ், வண்டி இன்ஜினுக்கு ஊற்றுகிற எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய். மூடியை வாசலில் மரக்கட்டையின்மேல் வைத்துவிட்டு நாய்களுக்குக் காய்ந்த மீன் போடப் போனேன். திரும்பி வந்து அவளைக் கூப்பிட்டேன்.

"தொட்டுப் பாரு."

மூடியைச் சாய்த்தாள். ஒன்றும் அசையவில்லை. கிரீஸை நகத்தால் கீறினாள். உலர்ந்த சோப்பு மாதிரி செதில் பெயர்ந்தது. இன்ஜின் எண்ணெய் குழைந்த தார் மாதிரி இருந்தது. தையல் மெஷின் எண்ணெய் மட்டும் மனசே இல்லாமல் கொஞ்சம் நகர்ந்தது.

நான் குத்திக்காட்டப் போகிறேன் என்று அவள் என்னைப் பார்த்தாள். அதற்குள் அவள் பார்வை என்னைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போய்விட்டிருந்தது. குடிசையிலிருந்து பார்த்தாலே அந்தத் தடம் தெரியும். ஒரு கணம் நின்றவள், சரிவில் இறங்கிப் போனாள். வண்டிப் பாதையில் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தாள்.

மேலே வந்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது.

"அவரு போன பாதையில வந்திருக்கு."

"ஆமா."

"நேத்தே பாத்தீங்களா?"

"பாத்தேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். "பெட்ரோல் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அடுப்புப் பக்கம் பெட்ரோலைத் திறக்கக் கூடாது என்பதால் சாய்ப்பிலேயே உட்கார்ந்தோம். விரல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு அவள் போல்ட்டைப் பிரித்தாள். அதில் மட்டும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துவிடுவாள். ஸ்பிரிங்கின் ஒவ்வொரு சுருளுக்குள்ளும் கிரீஸ் இறுகிக் கிடந்தது. பெட்ரோலில் போட்டதும் தகர டப்பாவுக்குள் பழுப்புப் புகை மாதிரி கரைந்தது.

"எங்க அண்ணன் ஸ்தெபான் தெரியுமா உங்களுக்கு?" என்றாள், டப்பாவைப் பார்த்துக்கொண்டே.

"டெல்பர்ட் சொல்லியிருக்கான். சின்ன வயசுலயே போயிட்டாருன்னு."

"மான் வேட்டைக்குப் போனோம். அவன், நான், அப்பா. ஒரு வாரம் விடாத மழை. துப்பாக்கி படகுல உப்புத் தண்ணியிலயே கெடந்துச்சு. அவன் சோம்பேறி, துடைக்கவே இல்ல. மானை அடிச்சுத் தோல் உரிச்சுக்கிட்டு இருக்கறப்ப கரடி வந்துடுச்சு. போல்ட்டை இழுக்கறான், வரல. துரு பிடிச்சு ஒட்டிக்கிச்சு. துப்பாக்கிக் கட்டையைத் தரையில ஊணி, பூட்ஸ் காலால போல்ட்டை உதைச்சான் அண்ணி. நான் பாறை மேல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். உதைச்சுக்கிட்டே இருந்தான்."

  அந்த கிரீஸ் டப்பாவை அவள் ஏன் அப்படிக் கட்டிக்கொண்டு அலைகிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எல்லாம் கழுவியாயிற்று. பென்சில் தூளை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை.

"ஒண்ணுமே இல்லாம வெறும் இரும்பா விட எனக்கு மனசு வரல. கோச்சுக்காதீங்க" என்றாள். மூடியளவு பெட்ரோலில் தையல் மெஷின் எண்ணெயை ஒரே ஒரு சொட்டு விட்டுக் கலக்கினாள். அதில் துணியை நனைத்து ஊசியையும் ஸ்பிரிங்கையும் துடைத்தாள். பெட்ரோல் ஆவியாகிப் போனதும், எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாத அளவு ஒரு படலம் மட்டும் நின்றது. போல்ட்டைச் சாய்ப்புக் குளிரில் விட்டுவைத்துப் பிறகு இழுத்துப் பார்த்தோம். வழுக்கிக்கொண்டு போனது. விசையைச் சுண்டியதும் ஊசி 'டிக்' என்று பல்லில் தட்டுகிற மாதிரி அடித்தது.

"இப்ப சரியா?"

"சரி" என்றேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கம் அந்தப் பருவத்தில் மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடும். விறகு எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கிவிட்டன. குரைத்திருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது. அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடிச் சில்லுகளைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு யாரோ நடந்து வருவது மாதிரி.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். கேட்டதில்லை, கேள்விப்பட்டிருக்கிறேன். படுக்காமல் அலைகிற அது ஆற்றில் பனிக்கு மேல் கசிகிற தண்ணீரில் இறங்கும். பிறகு பனியில் புரளும். மறுபடி தண்ணீர். முடியெல்லாம் பனிக்கட்டியாகி உடம்பே கவசம் மாதிரி ஆகிவிடும். குண்டு பட்டால்கூட வழுக்கிக்கொண்டு போய்விடும் என்பார்கள்.

"உள்ள போ!" என்று கத்தினேன்.

மார்ஃபா விறகைப் போட்டுவிட்டு, சாய்ப்பில் கிடந்த தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் சாய்ப்பிலிருந்து என் துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு அவள் பின்னாலேயே குடிசைக்குள் பாய்ந்தேன். டார்ச் எங்கே என்று தேடினோம். அதற்குள் வெளியே ஒரு சங்கிலி இழுபட்டது. ஒரே ஒரு முறை ஒரு நாய் கத்தியது. சறுக்குவண்டி இழுக்கும்போது மற்ற நாய்களுக்கு முன்னால் ஓடுகிற நிக்கலின் குரல். நாங்கள் டார்ச்சோடு வெளியே வந்தபோது கட்டுத்தறியில் அறுந்த சங்கிலி மட்டும் கிடந்தது. மற்ற நாய்கள் நான்கும் பனியைத் தோண்டி அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தன.

இருட்டில் பின்தொடர்ந்து போக நாங்கள் பைத்தியமில்லை. திரும்பி உள்ளே வந்தோம்.

"அண்ணி, உங்க துப்பாக்கி வேர்க்குது" என்றாள் மார்ஃபா.

பார்த்தேன். குளிர்ந்து கிடந்த இரும்பு அடுப்புச் சூட்டுக்கு வந்ததில், குழல் முழுக்க ஆவி படிந்து, முத்து முத்தாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று ஒரு துணியால் வெளியே துடைத்துவிட்டு, மறுபடி சாய்ப்பில் கொண்டுபோய் மாட்டினேன். எப்போதும் அதன் இடம் அதுதானே. மனசு முழுக்க நிக்கலிடம் இருந்தது.

மார்ஃபா தன் துப்பாக்கியைச் சும்மா விடவில்லை. போல்ட்டை முழுக்கப் பிரித்து மேசைமேல் துண்டு விரித்து அடுக்கினாள். ஒவ்வொரு பாகமாகத் துடைத்தாள், உலர்த்தினாள், அந்தப் பெட்ரோல் துணியால் இன்னொரு முறை தடவினாள்.

"இவ்வளவு தண்ணிய எங்க ஊர்ல பாத்தா எங்க அப்பா சோறே போட மாட்டாரு" என்றாள். அவள் அன்றைக்கு முழுக்கச் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான். அதற்கும் அவளே சிரிக்கவில்லை.

வெளிச்சம் வந்த பிறகு, மீதி நாய்களைக் குடிசைக்குள் கொண்டுவரலாம் என்று இறங்கினோம். நான் முன்னால், என் துப்பாக்கியோடு. அவள் கொஞ்சம் பின்னால், ஒரு கையில் கயிறு, தோளில் துப்பாக்கி. காற்றே இல்லை. மீன் வைக்கிற உயர மேடையைத் தாண்டியதும் மறுபடி அந்தக் கண்ணாடிச் சத்தம்.

மேடைக்குப் பின்னாலிருந்து அது வந்தது. உடம்பெல்லாம் பனிக்கட்டித் தோரணம். அது அசைய அசைய ஒன்றோடொன்று இடித்துக்கொண்டது. முகம் ஒரு பக்கம் வீங்கி, வாய் கோணலாகத் திறந்திருந்தது. உறுமவில்லை. அவசரப்படவும் இல்லை. எங்களை ஏற்கெனவே தின்று முடித்துவிட்ட மாதிரி நிதானமாக நடந்து வந்தது.

கழுத்துக்குக் கீழே குறிவைத்து விசையை இழுத்தேன்.

வெடிக்கவில்லை. 'டிக்' சத்தம்கூட வரவில்லை. பஞ்சுமேல் விரலால் தட்டினால் வருகிற மாதிரி ஒரு மந்தமான சத்தம். சாயங்காலம் உள்ளே இறங்கிய நீர் ஊசியைச் சுற்றிப் பனிக்கட்டியாகி நின்றிருந்தது. போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றினேன். மறுபடி அதே மந்தச் சத்தம். மூன்றாவது முறை இழுப்பதற்குள் அது ஓடத் தொடங்கிவிட்டது.

இடது கையை முகத்துக்குக் குறுக்கே வைத்தது நினைவிருக்கிறது. அதன் வாயின் நாற்றம் நினைவிருக்கிறது. வலி அப்போது தெரியவில்லை. என் தோள்பட்டை எலும்பு முறிகிற சத்தம், பக்கத்து அறையில் யாரோ விறகு உடைக்கிற மாதிரி தூரத்தில் கேட்டது.

மார்ஃபா ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்து சுடவும் இல்லை. பனிக்கவசத்தில் குண்டு வழுக்கும் என்று ராத்திரி நான் அவளிடம் சொல்லியிருந்தேன். கிட்டே வந்து, நான் அதன் அடியில் கிடக்க, துப்பாக்கிக் குழலை அதன் காதுக்குப் பின்னால், பனி ஒட்டாத மடிப்பில் கொண்டுபோய் வைத்தாள். அவள் முகத்தை நான் கீழேயிருந்து பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விசையை இழுத்தாள்.

வெடித்தது.

அதன் உடம்பு என்மேல் சரிந்தது. என்னைக் கீழிருந்து இழுத்தெடுக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. தன் கழுத்துத் துணியால் என் கையை இறுக்கிக் கட்டினாள். தன் மேல்கோட்டைக் கழற்றி என்னை அதில் சுற்றினாள். குடிசை வாசலில் என்னைச் சாய்த்து உட்காரவைத்தாள். பிறகு இடுப்பிலிருந்து கத்தியை உருவிக்கொண்டு அதனிடம் திரும்பிப் போனாள்.

"மார்ஃபா, என்ன பண்றே?"

"பாக்கணும் அண்ணி."

எங்கள் பெண்கள் அதன்மேல் கத்தி வைக்கக் கூடாது. அது வழக்கம். நான் தடுக்கவில்லை. அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். இத்தனை நேரமும் நாங்கள் இருவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம், ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல்.

பனிக்கவசத்தைக் கத்தியின் பிடியால் உடைத்தாள். வயிற்றைக் கிழித்தாள். ஆவி மேகம் மாதிரி எழும்பி அவளை மறைத்தது. முழங்கை வரை உள்ளே விட்டு, வயிற்றுப் பையை வெளியே இழுத்து, பனியின்மேல் திறந்தாள். கையுறை இல்லாத விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். நாய் முடி. நிக்கலின் கழுத்துப் பட்டை, பித்தளை வளையத்தோடு. மரப்பட்டைத் துணுக்குகள். மீன் முள். மறுபடி மறுபடி கிளறினாள்.

"துணி இல்ல அண்ணி" என்றாள். பிறகு கொஞ்சம் உரக்க, "துணி எதுவும் இல்ல. பொத்தான்கூட இல்ல."

அப்படியே அந்த ரத்தத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். எதற்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

டெல்பர்ட் மறுநாள் மத்தியானம் வந்தான். பாதி வழியில் கசிவுத் தண்ணீரில் வண்டி மாட்டிக்கொண்டதால் கிராமத்துக்கு நடந்தே போய், அங்கிருந்து ஆள் கூட்டிவந்து வண்டியை மீட்டிருக்கிறான். கால் விரல் இரண்டு குளிரில் கறுத்திருந்தன. திரும்பி வரும்போது தன் பாதையின்மேல் அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டு, குடிசையை எட்டும்வரை வண்டியின் வேகத்தைக் குறைக்கவே இல்லையாம். சரிவில் ஏறும்போதே எங்கள் பெயர்களைக் கத்திக்கொண்டு வந்தான்.

மார்ஃபா வாசலுக்குப் போய் அவனை ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு கட்டிக்கொண்டாள்.

"அக்கா எங்க?" என்றான்.

"இங்கதான்டா கெடக்கேன். பெட்ரோல் வாங்கியாந்தியா இல்லையா?" என்றேன் உள்ளேயிருந்து.

அதன் தாடையில் முள்ளம்பன்றி முட்கள் ஏறிச் சீழ் பிடித்திருந்ததை அவன்தான் பார்த்துச் சொன்னான். மெல்ல முடியாமல், கொழுப்பு ஏறாமல், படுக்க முடியாமல் அலைந்திருக்கிறது. அதன் தலையை அவன் எங்கள் வழக்கப்படி, மரியாதைக்காக மரத்தில் உயரே வைத்தான். என்னைக் கிராமத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விமானத்தில் ஃபேர்பேங்க்ஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கை மிஞ்சியது. தோளுக்குமேல் தூக்க வராது. துப்பாக்கியைப் பிடிக்க வராது.

அடுத்த குளிர்காலம் நாங்கள் இருவரும் அந்தக் குடிசைக்குப் போகவில்லை. டெல்பர்ட் மட்டும் ஆறு உறைந்ததும் போய், மிச்சமிருந்த பொறிகளைக் கட்டிக்கொண்டு மறுநாளே திரும்பினான். சாமானை இறக்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னடா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அக்கா. வாசல்ல இருக்குல்ல, அந்த ஊசியிலை மரம். அதுல நகக் கீறல் இருக்கு."

"போன வருஷத்துதா இருக்கும்."

அவன் கையுறையைக் கழற்றி விரல்களை மோந்து பார்த்தான்.

"பிசின் இன்னும் ஈரமா இருந்துச்சு" என்றான்.